மார்பகப் பெருக்க அறுவைக்குப் பிறகு கம்ப நடனம் (போல் டான்ஸ்): ஆறு வாரம் முடிந்தால் இன்வர்ட் போடலாமா?

கேள்வி – பிப்ரவரி 3

மார்பில் இம்ப்ளான்ட் (சிலிக்கான் ஜெல் அல்லது உப்புநீர் நிரப்பிய பை) வைத்து ஆறு வாரம் ஆகிறது. தசைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். தையல் ஆறிவிட்டது, வலி இல்லை. ‘இனி வழக்கமான உடற்பயிற்சி செய்யலாம்’ என்று சர்ஜன் சொல்லிவிட்டார். அறுவைக்கு முன்னால் இன்வர்ட் (கம்பத்தில் உடம்பைத் தலைகீழாகத் திருப்புவது), ஷோல்டர் மவுன்ட் (தோளைக் கம்பத்தில் வைத்துத் தலைகீழாக ஏறுவது) எல்லாம் சுலபமாக வரும். அடுத்த வாரம் பழைய வகுப்புக்கே போய், விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன். இன்வர்ட் போடலாம்தானே?

பிப்ரவரி 4

இன்னும் போடாதீர்கள். நானும் தசைக்கு அடியில்தான் வைத்துக்கொண்டேன், திரும்பக் கம்பமும் ஏறினேன். அதனால் நேராகவே சொல்கிறேன்.

சர்ஜன் ‘வழக்கமான உடற்பயிற்சி’ என்று சொன்னபோது அவர் மனதில் இருந்தது வேகநடை, சைக்கிள், மிஞ்சிப்போனால் லேசான டம்பெல். உங்கள் முழு எடையையும் இரண்டு கையில் தூக்கித் தலைகீழாகத் திருப்பப் போகிறீர்கள் என்று அவருக்குத் தெரியுமா? போல் டான்ஸ் என்றால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றி வருவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். போனில் ஒரு வீடியோ எடுத்துப்போய்க் காட்டுங்கள். காட்டிவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். கையால் தொங்கலாமா? உடம்பைக் கையால் மேலே இழுக்கலாமா? நெஞ்சைக் கம்பத்தோடு அழுத்தலாமா? மூன்றுக்கும் மூன்று வேறு தேதி வரலாம். எனக்கு அப்படித்தான் வந்தது. வீடியோவைப் பார்த்த பிறகு என் சர்ஜன் இழுப்பு வேலைக்கான தேதியை நன்றாகத் தள்ளிவிட்டார்.

தையல் ஆறியதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வெட்டிய தோல் மூன்று வாரத்தில் தன் பழைய பலத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டியிருக்காது. மூன்று மாதத்தில்தான் 80 சதவீதம் போல வருகிறது, அதற்கு மேல் முழுசாகத் திரும்புவதே இல்லை. தழும்பு உள்ளுக்குள் தன்னைச் சீர்செய்துகொண்டிருப்பதோ ஒரு வருடம், அதற்கும் மேல் நடக்கும். வெளியே மூடிக்கொண்டு அழகாக இருக்கும் அந்தக் கோடு உள்ளே நடப்பதைச் சொல்லாது.

பிப்ரவரி 4, இரவு

ஒன்று விட்டுப்போனது. ‘வலி இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். வலி மாத்திரை இன்னும் எடுக்கிறீர்களா? எடுத்தால் அந்த நாளை வைத்து எதையும் அளக்க வேண்டாம்.

பிப்ரவரி 6

தசைக்கு மேலேயா, அடியிலேயா என்பதுதான் நமக்கு எல்லாவற்றையும் மாற்றுகிற கேள்வி. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக.

மேலே வைத்தால், அதாவது பால் சுரப்பிக்கும் தசைக்கும் நடுவில் வைத்தால், பெரிய நெஞ்சுத் தசையைத் தொடுவதில்லை. அடியில் வைக்கும்போது, பெரும்பாலும் அந்தத் தசை விலா எலும்பில் ஒட்டியிருக்கும் கீழ்ப்பகுதியை விடுவித்து, தூக்கி, அதற்குள் இடம் செய்கிறார்கள். இப்போது பலர் செய்யும் ‘டூயல் பிளேன்’ முறையும் இந்த வகைதான். இம்ப்ளான்ட்டின் மேல்பாதியைத் தசை மூடியிருக்கும், கீழ்ப்பாதியைச் சுரப்பி மூடியிருக்கும்.

நெஞ்சுத் தசையின் வேலை என்ன? கையை உடம்பை நோக்கிக் கொண்டுவருவது, உள்பக்கம் திருப்புவது. கம்பத்தை அணைத்துப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் நாம் செய்வது அதைத்தான். ஆக, வெட்டி மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கும் தசையை வைத்துத்தான் உங்கள் எடை முழுவதையும் தூக்கச் சொல்கிறீர்கள்.

கண்ணாடி முன்னால் நின்று உள்ளங்கை இரண்டையும் மெதுவாக ஒன்றோடொன்று அழுத்திப் பாருங்கள். (சர்ஜன் அனுமதித்த பிறகு.) தசை இறுகும்போது இம்ப்ளான்ட் மேலேயும் வெளிப்பக்கமும் நகர்வது கண்ணுக்கே தெரியும். எனக்கு இடது பக்கம் வலதைவிடக் கொஞ்சம் அதிகமாக நகரும், மேல்தோலில் ஒரு சின்ன மடிப்பு விழும். முதல்முறை பார்த்தபோது பயந்துவிட்டேன். தசைக்கு அடியில் வைத்தவர்களில் நிறையப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருக்கும். ஆனால் இறுக்கினால் நகர்கிறது என்றால், நாள்கணக்கில், வாரக்கணக்கில் பலமாக இறுக்கிக்கொண்டே இருந்தால், அந்த இடம் உறுதிப்படும் முன்னாலேயே இறுக்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பை வெளிப்பக்கமாகத் தள்ளிப்போகலாம், கீழே இறங்கலாம். திரும்பச் சரிசெய்ய இன்னோர் அறுவைதான்.

பிப்ரவரி 9

எந்த அசைவை முதலில் தொடங்குவது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமே இதுதான்.

வகுப்பில் தொடக்க நிலை, நடு நிலை, மேல் நிலை என்று பிரித்திருப்பார்கள். திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் ‘சரி, தொடக்க நிலையிலிருந்து ஆரம்பிக்கிறேன்’ என்கிறார்கள். கேட்கப் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு திறமையை வைத்துப் போட்டது, நெஞ்சுத் தசை எவ்வளவு சுமக்கிறது என்பதை வைத்து அல்ல. தொடக்க வகுப்பின் முதல் நாளிலேயே ஃபயர்மேன் ஸ்பின் என்ற சுழற்சியைச் சொல்லித்தருவார்கள். ஓடிவந்து, எடையைச் சட்டென்று இரண்டு கையிலும் போட்டுத் தொங்குகிறோம். அந்த ஒரு வெட்டிழுப்பு நேராகத் தோளுக்கும் நெஞ்சுக்கும்தான் போகிறது. மேல் நிலையில் சொல்லித்தரும் சில லெக் ஹேங் நிலைகளில் முழங்கால் மடிப்புதான் உங்களைத் தாங்கும், கை சும்மா இருக்கும்.

அதற்காக நேராக லெக் ஹேங் போய்விடாதீர்கள். அதற்குள் போகும் வழி இன்வர்ட். வெளியே வரும் வழியும் கைதான். கால் வழுக்கினால் உங்கள் கைகள் யாரையும் கேட்காமல் முழு பலத்தோடு கம்பத்தைப் பிடிக்கும். அதனால் ஒரு அசைவைப் பார்க்கும்போது உள்ளே போவது, இருப்பது, வெளியே வருவது, தவறினால் என்ன செய்வேன் என்பது என நான்கையும் சேர்த்துப் பாருங்கள்.

நான் போன வரிசை இது. முதலில் கம்பத்தைச் சுற்றி நடை, திரும்பல், கால் வேலை. கை கம்பத்தில் இருக்கும், எடை இருக்காது. அப்புறம் தோள்பட்டை எலும்புக்கான வேலை. கம்பத்தை நெஞ்சு உயரத்தில் பிடித்துக்கொண்டு, பாதம் தரையில் ஊன்றியிருக்க, கொஞ்சம் பின்னால் சாய்ந்து, தோளைக் காதிலிருந்து கீழே இறக்குவது, விடுவது. கை மடங்கவே கூடாது. பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். ஆனால் கம்பத்தில் இழுக்கும் வேலையில் பெரும்பங்கு முதுகின் அகலத் தசையுடையது. அறுவைக்குப் பிறகு தோள் முன்னால் குவிந்து, நெஞ்சு இறுகி, முதுகு தூங்கிப்போயிருக்கும். முதுகை எழுப்பாமல் இழுத்தால் அந்த வேலையையும் நெஞ்சே எடுத்துக்கொள்ளும்.

அதற்கடுத்து ரப்பர் பட்டை வைத்து இழுப்பு. அப்புறம் ஒரு கால் தரையில் இருக்க, பாதி எடையோடு கம்பத்தில் இழுப்பு. பிறகு க்ளைம்ப், அதாவது கம்பத்தில் ஏறுவது. க்ளைம்ப் நிதானமாக, நெஞ்சில் எந்தப் பிடிப்பும் இல்லாமல் வந்த பிறகு பழைய ஸ்பின்கள். அதன் பிறகே இன்வர்ட், அதுவும் குதிக்காமல், முழங்காலை மடக்கிக்கொண்டு.

கடைசியாக வர வேண்டியவை இரண்டு வகை. ஒன்று, கீழ்க்கை கம்பத்தைத் தள்ளும் அசைவுகள்: ஸ்ப்ளிட் கிரிப், அயேஷா, ஹேண்ட்ஸ்பிரிங். தள்ளுவது நெஞ்சுத் தசையின் வேலை. இரண்டு, கை விரிந்து பின்னால் போய், நெஞ்சு நீண்டிருக்கும்போதே எடை விழும் அசைவுகள்: ட்விஸ்டட் கிரிப், ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு உடம்பைத் திறப்பது. தசை சுருங்கிச் சுமப்பதைவிட நீண்டுகொண்டே சுமக்கும்போதுதான் அது எளிதில் கிழியும். ஷோல்டர் மவுன்ட்டும் எனக்கு வெகு நாள் கழித்துத்தான் வந்தது. அவசரப்படவில்லை.

பிப்ரவரி 10

ஒரு விஷயம் சேர்க்கிறேன். ‘அப்படியானால் தரையில் செய்வதை இப்போதே ஆரம்பிக்கலாமே’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கம்பத்தில் ஏறாவிட்டால் பத்திரம் என்பது சரியல்ல. பிளாங்க், தரையில் கை ஊன்றித் தவழ்வது, குப்புறப் படுத்துக் கையால் நெஞ்சைத் தூக்குவது, தோள் மேல் உருள்வது எல்லாமே நெஞ்சுத் தசையின் வேலைதான். நெஞ்சால் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும் அலை அசைவு கடைசிப் பட்டியலில் சேர வேண்டியது. தரைப் பயிற்சி வேண்டுமென்றால் மல்லாந்து படுத்துச் செய்யும் கால் வேலை போதும்.

பிப்ரவரி 10, மறுபடியும்

இரண்டு பக்கமும் செய்யுங்கள். பிடித்த பக்கம் மட்டும் செய்தால் ஒரு பக்கத் தசை மட்டும் நாள்தோறும் இறுகும். இரு பக்கமும் ஒரே உயரத்தில் உட்கார வேண்டிய மாதங்கள் இவை.

பிப்ரவரி 15

‘கம்பத்தில் நெஞ்சு அழுந்தினால் இம்ப்ளான்ட் வெடித்துவிடும், என் தோழி சொன்னாள்.’

வெடிக்காது. மேமோகிராம் எடுக்கும்போது இரண்டு தட்டுகளுக்கு நடுவில் மார்பகத்தை எவ்வளவு அழுத்துகிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இம்ப்ளான்ட் உள்ளவர்களுக்கும் எடுக்கிறார்கள். பையைப் பின்னால் நகர்த்தி, திசுவை முன்னால் இழுத்துக் கூடுதல் படங்கள் எடுப்பார்கள், அவ்வளவுதான். ஆறின உடம்பில் க்ளைம்ப் போடும்போது கம்பம் நெஞ்சில் படுவது அதற்குப் பக்கத்தில்கூட வராது.

பயப்பட வேண்டியது வேறு இரண்டுக்கு. ஒன்று, நான் மேலே சொன்ன இடப்பெயர்ச்சி. இம்ப்ளான்ட்டைச் சுற்றி உடம்பு தானே ஒரு நார்ச்சவ்வு உறை கட்டிக்கொள்கிறது, அதுதான் அதை அதன் இடத்தில் பிடித்து வைக்கிறது. உறை முதிரும் முன்பு ஒரே பக்கமாகத் திரும்பத் திரும்ப அழுத்தினால் பைக்கான இடம் அந்தப் பக்கம் விரிந்துவிடும். இரண்டு, உயரத்திலிருந்து விழுவது. நெஞ்சில் பலமாக அடிபட்டால் இம்ப்ளான்ட் கிழிய வாய்ப்பு உண்டு. உப்புநீர் வகை என்றால் பக்கம் சப்பையாகிவிடும், உடனே தெரியும். சிலிக்கான் ஜெல் வகையில் வெளியே ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் சிலிக்கான் வைத்தவர்கள் 5 முதல் 6 வருடத்தில் ஒரு எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட், பிறகு 2 முதல் 3 வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிஏ சொல்கிறது. பலமாக விழுந்தால் இந்தக் கணக்குக்குக் காத்திருக்காமல் போய்க் காட்டிவிடுங்கள். திரும்பத் தொடங்கும் மாதங்களில் க்ராஷ் மேட் (விழுந்தால் தாங்கத் தரையில் போடும் தடித்த மெத்தை) இல்லாமல் தரையை விட்டு ஏறவே வேண்டாம்.

பிப்ரவரி 16

மரத்துப்போன தோல் பற்றி யாரும் பேசவில்லை. நமக்கு இது பெரிய விஷயம்.

அறுவைக்குப் பிறகு மார்பின் கீழ்ப்பகுதி, பக்கவாட்டு, காம்பு, இவற்றில் ஏதாவது ஒரு இடம் மரத்துப்போவது சகஜம். வாரங்களில் திரும்பலாம், மாதங்கள் ஆகலாம், சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகவும் நின்றுவிடுகிறது. நடுவில் திடீர் திடீரென்று மின்சாரம் பாய்வது போலச் சுரீர் என்று குத்தும். நரம்பு விழித்துக்கொள்கிறது என்று அர்த்தம்.

நாம் தோலால் பிடிப்பவர்கள். கம்பம் எங்கே கடிக்கிறது, எங்கே வழுக்குகிறது, எங்கே எரிகிறது என்பதைத் தோல்தான் சொல்லும். எனக்கு வலது பக்கம், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு உணர்ச்சி இல்லாமல் இருந்தது. க்ளைம்ப் போட்டுவிட்டு இறங்கி உடை மாற்றும்போதுதான் பார்க்கிறேன், அந்த இடம் முழுக்கச் சிவந்து, தோல் உரிந்து, ஓரத்தில் ரத்தப் புள்ளிகள். கம்பத்தில் இருந்தபோது ஒன்றுமே தெரியவில்லை. அதற்குப் பிறகு வகுப்பு நடுவிலேயே கண்ணாடியில் பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது. அக்குளால் பிடிக்கும் டெடி போன்ற அசைவுகளை உணர்ச்சி திரும்பும் வரை தொடவில்லை. பிடி இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாத இடத்தை நம்பித் தலைகீழாகத் தொங்க முடியாது.

பிப்ரவரி 23

தழும்பு எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். மார்புக்குக் கீழே மடிப்பில் வெட்டியிருந்தால் ஸ்போர்ட்ஸ் பிராவின் பட்டை சரியாக அதன் மேல் உட்காரும். வியர்வையோடு சேர்ந்து தேய்க்கும். அக்குள் வழியாக வைத்தவர்களுக்குக் கை தூக்கும்போது தழும்பு இழுக்கும், அக்குள் பிடி அசைவுகள் மிகவும் தள்ளிப்போகும். காம்பைச் சுற்றி வெட்டியவர்களுக்குக் கம்பத்தைப் பொறுத்தவரை தொல்லை குறைவு.

தழும்புக்குச் சிலிக்கான் ஜெல், எண்ணெய், க்ரீம் எது போட்டாலும் வகுப்பு முடிந்த பிறகு போடுங்கள். தடவிய விரலோடு கம்பத்தைப் பிடித்தால் உங்களுக்கும் வழுக்கும், அடுத்து அதே கம்பத்தில் ஏறுபவருக்கும் வழுக்கும். கை வழுக்காமல் இருக்கப் போடும் லிக்விட் சாக்கை (திரவமாக வரும் சாக்) தழும்புக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம், ஆல்கஹால் இருக்கும், தோலை வறளவைத்து எரிய வைக்கும்.

மார்ச் 1

‘எடை கூடியிருக்கிறதே, இன்வர்ட் கனமாகுமா?’

350 சிசி சிலிக்கான் இம்ப்ளான்ட் ஒன்று ஏறக்குறைய 340 கிராம். இரண்டும் சேர்ந்து 700 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. முக்கால் லிட்டர் தண்ணீர் பாட்டிலை மேலாடைக்குள் வைத்துக்கொண்டு ஏறுவது போலத்தான். உடம்பைத் தூக்க அது ஒரு பொருட்டில்லை. மாறுவது தூரம். கம்பத்துக்கும் உங்களுக்கும் நடுவில் இப்போது முன்பைவிட இடைவெளி இருக்கிறது. க்ளைம்ப்பில் முழங்கை வைக்கும் கோணம், இன்வர்ட்டில் கம்பத்தை எந்தப் பக்க விலாவோரம் விடுகிறோம் என்பது, இரண்டையும் புதிதாகத் தேட வேண்டியிருக்கும். எனக்குக் கம்பத்தை நடு நெஞ்சிலிருந்து கொஞ்சம் வெளியே தள்ளி அக்குள் ஓரமாக விட்டபோதுதான் இன்வர்ட் மறுபடி சரியாக உட்கார்ந்தது. பழைய பழக்கத்தில் உடம்பு பழைய இடத்தையே தேடும். கொஞ்ச நாள் குழம்பும், அப்புறம் பழகிவிடும்.

உண்மையில் கனமாகத் தெரிவது வேறு. கையில் காய்ப்பு போயிருக்கும், முன்கை பலம் போயிருக்கும், தொடைத் தோல் மறுபடி பச்சைக்குழந்தைத் தோல் ஆகியிருக்கும். முதல் சில வகுப்புகளில் நெஞ்சு தாங்கினாலும் உள்ளங்கை தாங்காது. அதுவும் நல்லதுக்குத்தான், சீக்கிரம் நிறுத்த வைக்கும்.

மார்ச் 9

மார்புக்குக் கீழே ஒரு கயிறு போல இறுக்கமாகத் தெரிகிறது, கை தூக்கினால் இழுக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மேல்தோலுக்கு அடியில் இருக்கும் சிரையில் ரத்தம் உறைந்து வரும் ‘மொண்டோர்’ என்ற நிலை அப்படி இருக்கும். மார்பு அறுவைக்குப் பிறகு வருவதுதான், பெரும்பாலும் சில வாரங்களில் தானே போய்விடும். ஆனால் அதுதானா என்று சர்ஜன் பார்த்துச் சொல்லட்டும். இழுத்து நீட்டிவிட முயல வேண்டாம்.

உடனே நிறுத்திவிட்டு அன்றே போன் செய்ய வேண்டியவை: ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்குவது, இறுகுவது. பயிற்சியின்போது உள்ளே ஏதோ பட்டென்று விட்டது போலத் தோன்றுவது. புதிதாக வரும் கருநீலம். காய்ச்சல், சூடு, சிவப்பு, தையல் வழியே கசிவு. ரத்தக்கட்டு பெரும்பாலும் முதல் சில நாட்களில் வருவது, ஆனால் தாமதமாகவும் வரும். மாதங்கள் கழித்து ஒரு பக்கம் மட்டும் மெல்ல மெல்லக் கெட்டியாகி, மேலே ஏறிக்கொண்டே போனால் உறை சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த அளவுக்குப் போகாத நாட்களுக்கு நான் வைத்திருந்த அளவுகோல் மறுநாள் காலை. வகுப்பில் எப்படி இருந்தது என்பதை நான் நம்பவில்லை, உடம்பு சூடாக இருக்கும்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் எழுந்ததும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் இறுகியிருக்கிறதா என்று பார்ப்பேன். முதுகு வலித்தால் மகிழ்ச்சி. நெஞ்சு வலித்தால் அடுத்த வகுப்பில் ஒரு படி கீழே.

மார்ச் 20

கேள்வி கேட்டவர் சர்ஜனைப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார். வீடியோவைப் பார்த்தவர், இழுப்பும் தொங்கலும் மூன்று மாதத்துக்குப் பிறகு, தள்ளும் அசைவுகள் அதற்கும் பிறகு என்று சொல்லியிருக்கிறார். ஏமாற்றமாக இருக்கிறது என்கிறார், வகுப்பில் உடன் படித்தவர்கள் எல்லாம் முன்னால் போய்விட்டார்கள் என்கிறார். புரிகிறது. கம்பத்துக்குக் கீழே நின்று மற்றவர்கள் ஏறுவதைப் பார்க்கும் அந்த மாதங்கள் நிஜமாகவே கஷ்டம். நான் அப்போது வகுப்புக்குப் போய் நடையும் திரும்பலும் மட்டும் பழகினேன். முன்பெல்லாம் வித்தைகளுக்கு நடுவில் அவசரமாகக் கடந்துபோகும் நடை, அந்தக் காலத்தில்தான் என் ஆட்டத்துக்குள் வந்து சேர்ந்தது.

பயிற்சியாளரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். எந்த அறுவை என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் ‘நெஞ்சில் ஒரு அறுவை, இழுப்பு வேலை கூடாது’ என்றாலே போதும். சொல்லாமல் இருந்தால் ஒரு ஆபத்து உண்டு. இன்வர்ட்டில் தடுமாறினால் பயிற்சியாளர் பாய்ந்து வந்து பிடிப்பது விலாக்கூட்டில், மார்புக்குப் பக்கத்தில்தான். இடுப்பிலும் முதுகிலும் பிடிக்கும்படி முன்கூட்டியே கேட்டு வையுங்கள், தரையில் நின்று ஒருமுறை ஒத்திகையும் பார்த்துவிடுங்கள்.

ஏப்ரல் 2

இன்னும் அறுவை செய்துகொள்ளாதவர்கள் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்: போல் ஆடுபவர்களுக்கு எது நல்லது, மேலேயா அடியிலேயா?

ஆட்டத்தை மட்டும் பார்த்தால் தசைக்கு மேலே வைப்பது சுலபம். தசை வெட்டுப்படாது, இறுக்கும்போது இம்ப்ளான்ட் துள்ளாது, பொதுவாகச் சீக்கிரம் திரும்பலாம். ஆனால் உடம்பில் கொழுப்பும் சுரப்பித் திசுவும் குறைவாக இருப்பவர்களுக்கு ஓரம் வெளியே தெரியும், அலையலையாக மடிப்பு தெரியும். உறை சுருங்கும் வாய்ப்பும் அடியில் வைப்பதைவிடக் கொஞ்சம் அதிகம் என்கிறார்கள். என் உடம்பில் மேலே போர்த்தத் திசு போதவில்லை, அதனால் அடியில். இப்போது கேட்டாலும் எனக்கு அதுதான். அளவைப் பற்றி மட்டும் என் கருத்து உறுதியானது. இரண்டு அளவுக்கு நடுவில் தயங்கினால், ஏறுபவர்கள் சின்னதை எடுங்கள்.

ஏப்ரல் 3

பிரா கேட்டவருக்கு: கம்பி இல்லாதது, முன்பக்கம் ஜிப் அல்லது கொக்கி உள்ளது. தலைவழியாக மாட்டும் இறுக்கமான வகையை வியர்வையோடு கழற்றுவதே ஆரம்பத்தில் தோளுக்கு ஒரு பயிற்சி ஆகிவிடும். இம்ப்ளான்ட் இறங்கி உட்கார 3 முதல் 6 மாதம் ஆகும், அதற்குள் அளவு மாறும், அதனால் இப்போதைக்கு இரண்டுக்கு மேல் வாங்க வேண்டாம்.